பரல்ல, பரலில்ல, பந்தில்ல: தமிழ்க் காதுக்குக் கன்னட வினைச்சொற்கள்

பெங்களூரில் இருக்கும் தமிழர்கள் கன்னடம் கற்றுக்கொள்ளாமல் போவதற்கு முதல் காரணம், என்னைக் கேட்டால், கன்னடம் புரிவதுதான். வடக்கிலிருந்து வந்தவருக்கு ஒரு வார்த்தையும் பிடிபடாது. ஆறு மாதம் தவித்துவிட்டு ஒரு புத்தகமாவது வாங்குவார். நாம் வந்த முதல் வாரமே "ஊட ஆய்த்தா?" என்றால் "சாப்பாடு ஆச்சா?" என்று ஊகித்துவிடுகிறோம். பதிலைத் தமிழிலேயே சொன்னாலும் கடைக்காரருக்குப் பாதி புரிகிறது. இப்படியே பதினைந்து வருஷம் ஓடிவிடும். ஒருநாள் பேசியே ஆகவேண்டிய நிலைமை வரும்போது வாயில் தயாராக இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: "கன்னட கொத்தில்ல". கன்னடம் தெரியாது.

புரிவது வேறு, சரியாகப் புரிவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி பெரும்பாலும் வினைச்சொல்லில்தான் இருக்கிறது. பெயர்ச்சொல் தெரியாவிட்டால் விரலை நீட்டிக் காட்டலாம். "வரலை", "வரமாட்டார்" இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விரலால் காட்ட முடியாது.

நான் மென்பொருள்காரன், மொழியியல் பட்டமெல்லாம் கிடையாது. கையில் இருக்கும் நூல்கள் மூன்று: 1983இல் ஹெரால்ட் ஷிஃப்மன் பேச்சுக் கன்னடத்துக்கு எழுதிய இலக்கணம், கிட்டெல் பாதிரியாரின் 1894ஆம் வருஷத்து அகராதி, பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி. மற்றபடி குறிப்புகளெல்லாம் பஸ்ஸிலும் காய்கறிக் கடையிலும் லிஃப்டிலும் காதில் விழுந்தவை.

முதலில் எழுத்துச் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். கன்னடத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினால் பாதித் தகவல் காணாமல் போய்விடும். "குடி" என்று நான் எழுதினால் அது "குடிப்பது" ஆகவும் இருக்கலாம், கோயிலாகவும் இருக்கலாம். கோயில் என்றால் முதலெழுத்தை "தங்கம்" என்பதில் வருகிற இரண்டாவது க போல மென்மையாகச் சொல்ல வேண்டும். கோயிலுக்கும் குடிக்கும் வித்தியாசம் ஒரு மூச்சுதான். இதே கதைதான் ட, த, ப எல்லாவற்றுக்கும். ப விஷயத்தில் மட்டும் ஒரு நல்ல குறுக்குவழி இருக்கிறது. அன்றாடப் பேச்சில் வரும் கன்னடத்தின் சொந்தச் சொல் ப-வில் தொடங்கினால், அதை "பம்பரம்" என்பதின் இரண்டாவது ப போல மென்மையாகச் சொல்லுங்கள், அநேகமாகச் சரியாக இருக்கும். ஏன் என்பது அடுத்த பத்தியில் தெரியும். "பா" (வா), "பேகு" (வேண்டும்), "பிடு" (விடு) எல்லாம் இந்த மென்மையான ப.

பழங்கன்னடத்தில் நம் ப அப்படியே இருந்தது. பால் பாலாகவே இருந்தது. பத்தாம் நூற்றாண்டை ஒட்டி அது மெல்ல ஹ-வாக மாறத் தொடங்கி, சில நூற்றாண்டுகளில் மொழி முழுக்கப் பரவிவிட்டது. பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பாம்பு ஹாவு, பெயர் ஹெசரு, பத்து ஹத்து, போ ஹோகு. பம்பா என்ற ஆற்றுப்பெயர் ஹம்பி ஆனதும் இதில்தான். பள்ளி ஹள்ளி ஆனது. திருச்சிராப்பள்ளியின் கடைசித் துண்டும், பெங்களூரைச் சுற்றி இருக்கும் எண்ணற்ற ஹள்ளிகளும் ஒரே சொல். புது என்பது ஹொஸ. அப்படியானால் ஹொஸூரு என்பது புதூர். நாம் ஹ-வை விழுங்கி அதை ஓசூர் ஆக்கிவிட்டோம். ஹொஸகோட்டெ? நம்ம புதுக்கோட்டைதான்.

ப காலி செய்த இடத்தின் பக்கத்திலேயே நம் வ குடியேறி, மென்மையான ப ஆனது. வா பா, வாய் பாயி, வேர் பேரு, வெல்லம் பெல்ல, வெண்ணெய் பெண்ணெ, வாழை பாளெ. இன்னொன்று, தமிழில் எ, இ, ஏ-வுக்கு முன்னால் ச ஆகிப்போன பல இடங்களில் கன்னடம் பழைய க-வை விடாமல் வைத்திருக்கிறது: செவி கிவி, சேரி கேரி. சொல் முடிவில் ஐ வந்தால் எ (தலை தலெ, மனை மனெ), மெய் வந்தால் ஒரு உ ஒட்டும் (கண் கண்ணு, மீன் மீனு), ழ எல்லாம் ள. இந்த நாலைந்து விதியை வைத்துக்கொண்டால் சில நூறு சொற்கள் செலவில்லாமல் கிடைக்கும். ஆனால் நான் பார்த்தவரை பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். "அட, எல்லாம் தமிழ்தான்" என்று ஒரு திருப்தி வந்துவிடுகிறது. கன்னடக்காரரிடம் இந்தத் திருப்தியை வெளிப்படையாகச் சொல்லாமல் இருப்பது உத்தமம். ரெண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று இன்னொன்றின் திரிபு கிடையாது. மேலே பார்த்த கிவி–செவியில் பழைய வடிவத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது கன்னடம்தான்.

சரி, வினைக்கு வருவோம். செய் என்பதற்கு மாடு. (நம் மாட்டுக்குக் கன்னடத்தில் வேறு பெயர்கள்: பசு ஹசு, காளை எத்து.) நிகழ்காலம் பேச்சில் இப்படி வரும்: நானு மாட்தீனி, நீனு மாட்தீய, நீவு மாட்தீரி, அவனு மாட்தானெ, அவளு மாட்தாளெ, அவரு மாட்தாரெ, அது மாடத்தெ, நாவு மாட்தீவி. ஈறுகளை மட்டும் பாருங்கள். ஆன், ஆள், ஆர், ஈர் எல்லாம் நம் வீட்டுச் சாமான். நாவு மட்டும் முகம் மாறி வருகிறது. அதோடு நாம், நாங்கள் என்ற பிரிவும் அங்கே கிடையாது, இரண்டுக்கும் நாவு. "நம்ம மெட்ரோ" என்றால் அது உங்களையும் சேர்த்ததா, சேர்க்காததா என்று இலக்கணத்தை வைத்துச் சொல்ல முடியாது.

இந்த ஒரு வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்துவிட்டால் எதிர்காலத்துக்குத் தனியாக உழைக்க வேண்டாம். "நாளைக்குப் போறேன்" என்று நாமும் நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம். அதேபோல "நாளெ ஹோக்தீனி". வினையை மாற்றினால் போதும்: பர்தீனி (வர்றேன்), நோட்தீனி (பார்க்கிறேன்), கேள்தீனி (கேட்கிறேன்), ஹேள்தீனி (சொல்றேன்), கொட்தீனி (கொடுக்கிறேன்). நோடு என்பது "நோட்டம்" என்பதின் சொந்தக்காரன். எழுது என்பதற்குப் பரெ. நம் "வரை" இருக்கிறதே, அதே ஆள், வ-வுக்குப் ப. படி என்பதற்கு ஓது. நாம் மந்திரத்துக்கும் வேதத்துக்கும் ஒதுக்கி வைத்த சொல்லை அவர்கள் செய்தித்தாளுக்கும் பயன்படுத்துகிறார்கள்.

புத்தகங்களில் இந்த வாய்ப்பாடு வேறு மாதிரி இருக்கும்: மாடுத்தேனெ, மாடுத்தேவெ, மாடுத்ததெ. அது எழுத்து வழக்கு. நம் "செய்கிறேன்", "செய்யறேன்" போலத்தான். கர்நாடகத்தில் 2015ஆம் வருஷச் சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் கட்டாயம் என்பதால் நம் பிள்ளைகள் படிப்பது இந்த எழுத்து வழக்கை. வீட்டில் பிள்ளை படிப்பதைக் கேட்டுப் பெரியவர்கள் கற்றுக்கொள்ளலாம் என்ற யோசனை நல்ல யோசனைதான், ஆனால் காய்கறிக் கடையில் "நானு கேளுத்தேனெ" என்றால் மேடைப்பேச்சு மாதிரி இருக்கும். என் கட்சி, பேச்சு வழக்கை முதலில் பிடிப்பது.

"இரு" என்ற வினையைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது எல்லாவற்றுக்கும் துணைக்கு வரும். இதீனி (இருக்கேன்), இதாரெ (இருக்கார்), இதெ (இருக்கு). இதெ என்பதற்குப் பக்கத்திலேயே இரத்தெ என்று ஒன்று கேட்கும். நம் "இருக்கு", "இருக்கும்" இரண்டுக்கும் என்ன வித்தியாசமோ அதேதான். "பஸ் இதெ" என்றால் இப்போது பஸ் இருக்கிறது. "பஸ் இரத்தெ" என்றால் வழக்கமாக இருக்கும், போய்ப் பாருங்கள். "மாட்தா இதீனி" என்றால் செய்துகிட்டு இருக்கேன்.

இறந்தகாலம்: நானு மாடிதெ, அவனு மாடித, அவளு மாடிதளு, அவரு மாடிதரு, நீவு மாடிதிரி, நாவு மாடிதிவி. இங்கே த, "அது" என்பதில் வரும் மென்மையான த. பெரும்பாலான வினைகள் இந்த வழியில் போகும்: நோடித, கேளித, ஹேளித, குடித. கிளை மாறிப் போவது கொஞ்சம்தான், அவற்றில் பல தினமும் வருகிற வினைகள். அதில் தமிழருக்கு நல்ல சலுகை உண்டு. வந்த என்பது பந்த, விட்ட என்பது பிட்ட, கொண்ட என்பது கொண்டவேதான். தின்ற என்பது திந்த, நின்ற என்பது நிந்த. கொடுத்த என்பது கொட்ட, போன என்பது ஹோத. இருந்த என்பது இத்த, எழுந்த என்பது எத்த, விழுந்த என்பது பித்த. கடைசி மூன்றிலும் த்த என்பதை "புத்தி" என்று சொல்லும்போது வருகிற மாதிரி அழுத்தாமல் சொல்ல வேண்டும்.

அஃறிணையில் எனக்குப் பிடித்த ஜோடி ஒன்று இருக்கிறது. நம் எழுத்து வழக்கில் ஆயிற்று, போயிற்று. பேச்சில் ஆச்சு, போச்சு. கன்னடத்தில் ஆய்த்து, ஹோய்த்து. ற்று என்பதை நாம் ஒரு பக்கம் உருட்டினோம், அவர்கள் இன்னொரு பக்கம் உருட்டினார்கள். "எஷ்டு ஆய்த்து?" என்றால் எவ்வளவு ஆச்சு. இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே பெங்களூரில் ஒரு மாதம் காய்கறி வாங்கலாம்.

இனி எதிர்மறை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எங்கள் அடுக்ககத்தில் கீழ்த்தளத்தில் ஒரு தமிழ்க் குடும்பம். பையன் ஐடி, பெங்களூரில் பன்னிரண்டு வருஷம். ஊரிலிருந்து அம்மாவை அழைத்து வந்தார், எண்பதை நெருங்கும் வயது, சர்க்கரை உண்டு. பகலில் பார்த்துக்கொள்ள துமகூரு பக்கத்துப் பெண் ஒருவர் வந்தார். கன்னடம் மட்டும் பேசுவார். அவர் மதியம் போன் பண்ணி, "சார், அம்மா ஊட மாடல்ல" என்றிருக்கிறார். பையன் காதில் அது "அம்மா சாப்பிடலை" என்று விழுந்தது. மாடல்ல, பண்ணலை, அச்சு அசல் ஒரே மாதிரி. "பரவாயில்ல, கொஞ்ச நேரம் கழிச்சுக் குடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். மறுநாளும் அதே போன், அதே பதில். மூன்றாம் நாள் அந்த அம்மா கட்டிலிலிருந்து எழ முடியாமல் மயங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றும்படி ஆயிற்று. இரவு வராந்தாவில் அந்தப் பெண் அழுதுகொண்டே என்னிடம் சொன்னது: "நானு மூரு தின ஹேளிதெ சார்." மூணு நாளா சொன்னேன்.

அவர் சொன்னது சரிதான். "மாடல்ல" என்றால் செய்யலை என்று அர்த்தமில்லை. செய்வதில்லை, செய்யமாட்டேன் என்கிறார் என்று அர்த்தம். "அம்மா சாப்பிட மாட்டேங்கறாங்க சார்" என்பதை அவர் தன் மொழியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா நாலு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார், அந்தப் பெண்ணும் வேலையில் தொடர்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கன்னடத்தில் இல்லை என்பதைச் சேர்க்கும் வழி மூன்று. வா என்ற வினையில் பார்ப்போம்.

பரல்ல. இது "பருவுதில்ல" என்பதின் சுருக்கம், சொல்லுக்குச் சொல் "வருவதில்லை". நிகழ்காலம், எதிர்காலம் இரண்டுக்கும் இதுதான்: வர்றதில்லை, வரமாட்டார், வராது.

பரலில்ல, வேகமாகப் பேசினால் பர்லில்ல. இது "பரலு" கூட்டல் "இல்ல". நம் "வர" கூட்டல் "இல்லை", அதாவது வரவில்லை. நடந்து முடிந்த விஷயம்.

பந்தில்ல. இது "பந்து" கூட்டல் "இல்ல", வந்து இல்லை. இன்னும் வந்திருக்கவில்லை, ஆனால் வரலாம்.

தமிழ்ப் பேச்சில் "வரலை" என்ற ஒன்றே இரண்டாவது, மூன்றாவது வேலைகளைச் செய்துவிடுகிறது. முதல் வேலைக்கு வரமாட்டேன், வரமாட்டார், வராது என்று ஆளுக்கு ஏற்றபடி ஈறு மாற்றுகிறோம். அந்த ஈறைத்தான் நம் காது தேடுகிறது. கன்னடத்தில் ஆள் மாறினாலும் எதிர்மறை மாறாது: நானு பரல்ல, நீவு பரல்ல, அவரு பரல்ல, பஸ் பரல்ல. ஈறு இல்லாததால் நம் மூளை அதை "வரலை" பெட்டியில் போட்டுவிடுகிறது. ஒலியும் கிட்டத்தட்ட அதேபோல இருப்பதால் சந்தேகமே வருவதில்லை.

2024 கோடையில் பெங்களூர் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் தவித்தபோது எங்கள் காவலாளி வாயில் இந்த மூன்றும் ஒரே காலையில் வரும். "நீரு பந்தில்ல" என்றால் குளிப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். "நின்னெ நீரு பர்லில்ல" என்றால் நேற்றைய புலம்பல். "இவத்து நீரு பரல்ல" என்றால் டேங்கருக்குப் போன் பண்ண வேண்டியதுதான். காதைப் பழக்க ஒரு வழி: எதிர்மறை கேட்டதும் உள்ளே "இல்" என்ற ஓசை இருக்கிறதா என்று பாருங்கள். மாட்லில்ல, மாடில்ல, பந்தில்ல எல்லாவற்றிலும் "இல்ல" முழுசாக நிற்கும். அவை நேற்றைய கதை, அல்லது இதுவரைக்குமான கதை. மாடல்ல, பரல்ல, ஹோகல்ல, கொடல்ல என்று "அல்ல" ஓசை வந்தால் இனிமேல் நடக்கப்போவது, அல்லது வழக்கமே அது.

அல்ல என்றதும் தனியாக நிற்கும் "அல்ல" ஞாபகத்துக்கு வரும். அது வேறு. "நானு டாக்டர் அல்ல" என்றால் நான் டாக்டர் இல்லை. "டாக்டர் இல்ல" என்றால் டாக்டர் இங்கே இல்லை. நம் இலக்கணத்திலும் அல்ல, இல்லை என்று இந்தப் பிரிவு இருக்கிறது. எழுத்தில் பத்திரமாக வைத்திருக்கிறோம், பேச்சில் எப்போதோ தொலைத்துவிட்டோம். கன்னடப் பேச்சில் அது உயிரோடு இருப்பதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும்.

வேண்டும் குடும்பம் சுலபம். நங்கெ பேகு (எனக்கு வேணும்), நங்கெ பேட (எனக்கு வேண்டாம்). வினையோடு சேர்ந்தால் ஹோக்பேகு (போகணும்), ஹோக்பேட (போகாதே), மரியாதையாக ஹோக்பேடி (போகாதீங்க). நமக்கு "போக வேண்டாம்", "போகாதே" என்று இரண்டு படி இருக்கிறது. அங்கே இரண்டுக்கும் பேடதான், குரலில்தான் ஏற்ற இறக்கம்.

"எனக்கு" என்று தொடங்கும் வாக்கியங்கள் எல்லாமே தமிழருக்கு வரப்பிரசாதம். ஆங்கிலம் வழியாக யோசிப்பவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். நமக்கு வழுக்கிக்கொண்டு போகும். நங்கெ கொத்து, எனக்குத் தெரியும். நங்கெ அர்த்த ஆய்த்து, எனக்குப் புரிஞ்சுது. நங்கெ கன்னட ஸ்வல்ப பரத்தெ, எனக்குக் கன்னடம் கொஞ்சம் வரும். பாருங்கள், மொழி "வரும்" என்று சொல்வதுகூட இரண்டுக்கும் பொது. "கன்னட கொத்தில்ல" என்பதற்குப் பதிலாக இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள், ஆட்டோ டிரைவரின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். கட்டணம் மாறும் என்று உத்தரவாதம் தர மாட்டேன்.

வா என்ற வினை இன்னும் இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கிறது. செய்யலாம் என்பதற்கு மாட்பஹுது, பேச்சில் மாட்பௌது என்று கேட்கும். செய்யக் கூடாது என்பதற்கு மாட்பாரது. இந்த பஹுது, பாரது இரண்டும் பழைய "வரும்", "வாராது" என்பவைதான். செய்ய வரும் என்றால் செய்யலாம், செய்ய வாராது என்றால் செய்யக் கூடாது. முடியாது என்பதற்கு மட்டும் ஆகு வரும்: ஹோகக்காகல்ல, போக முடியாது; நம் "ஆகாது".

மென்பொருள்காரனாக எனக்கு மிகவும் சௌகரியமாக இருப்பது மாடு. நம் "பண்ணு" போல எந்த அயல்சொல்லையும் உள்ளே போட்டால் வினையாக்கி வெளியே தரும் உறை. போன் மாடி, பார்க் மாடி, கேன்சல் மாடி; பெங்களூரின் ஊர்ப்பாட்டாகவே ஆகிவிட்ட ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி. வினை தெரியாத இடத்தில் ஆங்கிலச் சொல்லைப் போட்டு மாடு சேர்த்துவிட்டால் தொண்ணூறு சதவீதம் வண்டி ஓடும். சாப்பிடு என்பதே ஊட மாடுதான். ஊட என்பது நம் "ஊட்டு", "உண்" கூட்டத்தைச் சேர்ந்தது. தின்னு என்பதை நாம் மனிதரிடம் சொன்னால் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். அங்கே அப்படியில்லை, "திண்டி திந்த்ரா?" என்றால் டிபன் சாப்பிட்டீங்களா என்ற அன்பான விசாரிப்பு. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

துணைவினைகளிலும் இதே உறவு தொடர்கிறது. பார்த்துக்கோ என்பது நோட்கோ, கத்துக்கோ என்பது கலித்கோ, உட்காரு என்பது கூத்கோ, மரியாதைக்குக் கூத்கொள்ளி. "விடு" சேர்க்கும் இடத்தில் "பிடு": மாட்பிடு (செஞ்சிடு), ஹோக்பிட்ட (போயிட்டான்). செய்ய வைப்பதற்கு இசு: கலி என்றால் கல், கலிசு என்றால் கற்பி. நில்லு என்றால் நில், நில்லிசு என்றால் நிறுத்து. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டும்போது "நில்லி" என்று கத்தினால் டிரைவரை எழுந்து நிற்கச் சொன்னதாக ஆகும். "நில்ஸி" என்று கத்த வேண்டும். வண்டி நிற்கும்.

பொறிகள் சில உண்டு. ஹோட்டலில் சாம்பார் ஊற்றும்போது பக்கத்து மேஜைக்காரர் "சாகு, சாகு" என்றால் பதற வேண்டாம், போதும் என்கிறார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லும்போது "பர்தீனி அந்த ஹேளித" என்பார்கள், வர்றேன்னு சொன்னான். இந்த அந்த, நம் "என்று". சுட்டுச்சொல் இல்லை. உச்சரிப்பிலும் ந்-துக்குப் பிறகு த வல்லோசையாக வரும். தமிழ் நாக்குக்கு அது பழக்கமில்லாத இடம், பயிற்சி வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமான பொறி "முந்தின". மெட்ரோவில் "முந்தின நில்தாண" என்று அறிவிப்பு வரும். தமிழ்க் காதுக்கு அது போன ஸ்டேஷன். உண்மையில் அடுத்த ஸ்டேஷன். முந்தெ என்றால் அங்கே முன்னால், இனி வரப்போவது. ஹிந்தெ என்றால் பின்னால், கடந்து போனது. இடத்தைப் பொறுத்தவரை நமக்கும் முன், பின் அப்படித்தான். காலத்துக்கு வந்தால்தான் நாம் "முந்தின வாரம்" என்பதைக் கழிந்த வாரம் ஆக்குகிறோம். கன்னடக்காரருக்கு "முந்தின வார" என்றால் அடுத்த வாரம். டாக்டரிடம் தேதி வாங்கும்போது, பேங்கில் தவணை பேசும்போது, இந்த ஒரு சொல்லைத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

மரியாதைக்கு ஏவலில் ஒரு இகரம் சேர்த்தால் போதும், நம் "ங்க" செய்யும் வேலையை அது செய்யும். மாடு மாடி, ஹோகு ஹோகி, ஹேளு ஹேளி, கொடு கொடி. வா மட்டும் பா, பன்னி என்று வழி மாறும். கண்டக்டர் "முந்தெ ஹோகி, முந்தெ ஹோகி" என்பது முன்னாடி போங்க. புதிதாகக் கற்பவர்கள் சந்தேகம் வந்தால் எல்லோரிடமும் நீவு, எல்லாவற்றிலும் இகரம் என்று வைத்துக்கொள்ளலாம். வேலைக்கு வருகிற அம்மாவிடமும் அப்படியே பேசுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. இதோடு "ரீ" என்று ஒரு ஒட்டு உண்டு: ஏன்ரீ, ஹௌத்ரீ. நம் "ஏங்க", "ஆமாங்க".

வடக்கே ஹுப்பள்ளிப் பக்கம் போனால் இந்த ரீ இல்லாமல் வாக்கியமே முடியாது. பன்னி அங்கே பர்ரீ. மேலே கொடுத்த வாய்ப்பாட்டின் ஈறுகளும் அங்கே வேறு உருவம் எடுக்கும், அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். ஊர்ப்பெயரை மட்டும் இப்போதைக்குப் பிரித்துப் பார்க்கலாம்: ஹூவின பள்ளி, பூங்கொடி என்று வழக்கில் விளக்கம் சொல்வார்கள். ப ஹ ஆகி, வ ப ஆகி, அதே பூவும் வள்ளியும்தான்.